வெறும் துப்பாக்கி

கதை எழுதுகிறவன் வீட்டில் ஒரு ரிவால்வர் இருந்தால், எப்போதாவது ஒரு கதையில் அவன் அதை வெடிக்க வைத்திருக்க வேண்டும். முதல் அங்கத்தில் சுவரில் துப்பாக்கி தொங்கினால் பின் அங்கத்தில் அது வெடித்தே தீர வேண்டும் என்ற பொருளில் ருஷ்ய எழுத்தாளர் செக்காவ் சொன்னதை, எங்கள் தொழிலுக்கு வரும் இளைஞர்களெல்லாம் பாலபாடம் போல ஒப்பிக்கிறார்கள். நானும் ஒப்பித்தவன்தான். என் நாவல்களில் எத்தனையோ பேரைச் சாகடித்திருக்கிறேன். காய்ச்சலில், ரயிலில், கிணற்றில், சும்மா மனம் நொந்து. ஆனால் ஒருவரைக்கூடத் துப்பாக்கியால் சாகடித்ததில்லை. கைக்கு வருவதும் உண்டு, பேனா தானாக வேறு பக்கம் திரும்பிவிடுவதும் உண்டு.

காரணத்தைச் சொல்ல இப்போது ஒரு சந்தர்ப்பம் வாய்த்திருக்கிறது. அப்பா காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. அவர் பெயரில் இருந்த ரிவால்வர் அன்றிலிருந்து போலீஸ் ஸ்டேஷனில் கிடக்கிறது. லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் வாரிசு அதை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, ஒப்படைக்க வேண்டும் என்பது 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம். பிறகு வாரிசு என்ற முறையில் லைசென்ஸுக்கு மனுப் போடலாம். உரிமையுள்ள ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். அல்லது சர்க்காருக்கே விட்டுவிடலாம். இந்த மூன்றில் எது என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஒரு வரிதான் எழுத வேண்டும். அதை எழுத எனக்கு மூன்று வருஷம் பிடித்தது.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். பர்மிங்ஹாமில் செய்த வெப்ளி ரிவால்வர், ஆறாவது மார்க். பிரிட்டிஷ் ராணுவம் 1915-ல் எடுத்துக்கொண்ட மாதிரி. ஆறு அங்குலக் குழல்; ஆறு அறை உருளை; .455 தோட்டா. ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். குழந்தைப் பருவத்தில் என் இரண்டு கைகளாலும் அதைத் தூக்க முடிந்ததில்லை. பிடியின் அடியில் கயிறு கோக்க ஒரு வளையம். இடது பக்கம் கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்தில் ஒரு நெம்பு. அதை அழுத்தினால் குழல் முன்பக்கமாக மடிந்து தலை குனியும். நடுவிலிருந்து நட்சத்திரம் போல ஒன்று எழும்பி ஆறு தோட்டாக்களையும் ஒரே மூச்சில் வெளியே தள்ளிவிடும். இந்தக் கடைசி விவரத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

என் தாத்தா மதராஸ் சாப்பர்ஸில் ஜமேதார். பெங்களூரில் பயிற்சி, பிறகு மெஸபொடேமியா. 1917 மார்ச்சில் பாக்தாத் விழுந்த சமயம் அவர் அந்தப் பக்கம் எங்கேயோ டைக்ரிஸ் நதியில் பாலம் கட்டுகிற வேலையில் இருந்தார். சாப்பர்களுக்கு யுத்தம் என்றால் பெரும்பாலும் கயிறு, பலகை, மண்வெட்டி. 1920-ல் பென்ஷனோடு ஊர் திரும்பியபோது இந்த ரிவால்வரும் கூட வந்தது. அவருடைய கேப்டன் துரை, தோளில் தட்டி, 'உன் நினைவுக்கு' என்று கொடுத்ததாக வீட்டில் சொல்வார்கள். தாத்தா சொன்னதை அப்பா சொன்னார். அப்பா சொன்னதை நான் நம்பினேன். பிற்காலத்தில் பழைய ஆயுதங்களைப் பற்றித் தெரிந்த ஒரு நண்பர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உலோகத்தில் பொறித்திருந்த சின்ன அம்பு முத்திரையைக் காட்டினார். அது சர்க்கார் சொத்து என்பதற்கு அடையாளமாம். முறையாக வெளியே விற்றிருந்தால் இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நிற்க வேண்டுமாம். எங்களுடையதில் ஒரே அம்பு. துரைக்குச் சொந்தமில்லாததைத் துரை கொடுத்தாரா, அல்லது துரையே கதையா, யாரைக் கேட்பது? பரம்பரைச் சொத்துகளில் பலவற்றுக்கு மூலப் பத்திரம் இப்படித்தான் இருக்கும் என்று சிரித்துக்கொண்டேன்.

ஆனால் அந்தக் காலத்தில் ஓர் இந்தியன் வீட்டில் ரிவால்வர் இருப்பதென்பது சின்ன விஷயமல்ல. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது வந்த 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் நம்மவர்களுக்கு லைசென்ஸைக் கட்டாயமாக்கியது. வெள்ளைக்காரர்களுக்கு வெகு காலம் விலக்கு இருந்தது. தேசத்துக்கே நேர்ந்த அவமானமாக அதை நம் பெரியவர்கள் கருதினார்கள். 1931-ல் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் ஒரு ஷரத்து. அகிம்சையை மந்திரமாகக் கொண்ட ஒரு ஸ்தாபனம் அதைக் கேட்டது விசித்திரம்போலத் தோன்றும், எனக்குத் தோன்றவில்லை. கையில் இல்லாததைத் துறக்க முடியாது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் இதே உரிமையைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் இசையவில்லை, திருத்தம் தோற்றது. சுதந்திர நாட்டிலும் லைசென்ஸ்தான். 1962 விதிகள் வந்தபோது, ராணுவத் தோட்டா போகக்கூடிய .380, .455 ரிவால்வர்களைக் கடுமையான முதல் வகையில் வைத்தார்கள். ஆக எங்கள் வீட்டுப் பெட்டியில் கிடந்தது ராஜாங்கமே கவனம் வைத்த சாமான். தாத்தாவுக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு. ஊரில் அவர் பெயரே 'துப்பாக்கி ஜமேதார்'.

அந்தப் பெருமையில் பங்கு கொள்ளாதவள் ஒருத்திதான். எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்போம். ஆயா எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆயுதபூஜை அன்று கூடத்தில் ஏர்க்கொழு, அரிவாள், மண்வெட்டி, மரக்கால், தாத்தாவின் அளவுச் சங்கிலி எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்து ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். ரிவால்வருக்கு மட்டும் வைக்கமாட்டாள். தாத்தாதான் தம் கையால் வைத்துக்கொள்ள வேண்டும். குடகு நாட்டில் துப்பாக்கியை மலர் சூட்டிக் கும்பிடுகிற குடவர்களைப் பற்றித் தாத்தாவுக்குத் தெரியும். அவர்களுக்கு லைசென்ஸ்கூட வேண்டாம். அந்தக் கதையையெல்லாம் சொல்லி ஒரு வருஷம் ஆயாவை மடக்கப் பார்த்தார்.

"அருவா நெல்லும் அறுக்கும், கழுத்தும் அறுக்கும். நெல்லறுக்கறதுக்காவ நான் பொட்டு வைக்கறேன். இது எத்த அறுக்கும், சொல்லு" என்றாள் ஆயா.

தாத்தா பதில் சொல்லவில்லை. நானும் இன்றுவரை ஒரு பதில் தேடிக் கண்டதில்லை. வீட்டுக்கு வழிவழியாக வருகிற சாமான்கள் எல்லாமே உபயோகத்தால்தான் மதிப்புப் பெறுகின்றன. குத்துவிளக்கு ஏற்ற ஏற்றத்தான் குத்துவிளக்கு. வீணையை வாசிக்காவிட்டால் அது மரம். ரிவால்வர் ஒன்றுதான், தான் எதற்காகப் பிறந்ததோ அதைச் செய்யாமலிருக்கும்வரை குலத்துக்குப் பெருமையாக இருப்பது.

தாத்தா 1954-ல் காலமானார். நிலம் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பாகமாயிற்று. கிணறு மட்டும் பொது. செங்கல்பட்டுக்குத் தெற்கே பாலாற்றங்கரைக் கிராமம் எங்களுடையது. ஆற்றில் மணல்தான் ஓடும், தண்ணீர் அடியில் இருக்கும். கிணற்றில் கவலை கட்டி மாட்டை ஓட்டி இறைப்போம். நாலு நாள் அண்ணன் முறை, நாலு நாள் தம்பி முறை. 1958 கோடையில் ஊற்றுச் சுரப்பது குறைந்தது. நாலு நாள் என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில் சச்சரவு ஆரம்பித்தது. அதற்குள் இரு வீட்டுப் பெண்களுக்கும் பேச்சு நின்றுவிட்டது. நாற்று காய்ந்துகொண்டிருக்கும்போது அண்ணன் தம்பி உறவெல்லாம் எத்தனை நாளைக்கு நிற்கும் என்பது பட்டணத்தில் குழாயைத் திறக்கிறவர்களுக்கு விளங்காது.

எனக்கு அப்போது எட்டு வயது. ஓர் இரவு சித்தப்பா எங்கள் முறையில் மாடு பூட்டிவிட்டார் என்று ஆள் ஓடி வந்து சொன்னான். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவவில்லை. நேரே உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அம்மா அலறிக்கொண்டு காலைப் பிடித்தாள். ஆயா திண்ணையில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். அவள் எழுந்திருக்கவில்லை, கூச்சலும் போடவில்லை. ஆயாவுக்கு மூத்தவன் மேல் பயமா, இளையவன் மேல் கோபமா என்று பிற்பாடு ஊரில் பேசிக்கொண்டார்கள்.

நான் பின்னாலேயே ஓடினேன். களத்து மேட்டுக்கு அப்பால் போக எனக்குத் தைரியம் வரவில்லை. கிணற்று மேட்டில் ஒரு லாந்தர். சித்தப்பா கவலை மாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பினார். அப்பா கையை நீட்டினார். சித்தப்பா மேல்துண்டை எடுத்து வீசிவிட்டு, வெறும் மார்போடு நின்று, "சுடு அண்ணே" என்றார். அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அப்புறம் எவ்வளவு நேரமோ தெரியாது. குழந்தைக்கு நேரம் தெரியாது. அப்பாவின் கை இறங்கியது. அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். சித்தப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மாடு தானாக இரண்டடி நகர, சால் தளும்புகிற சப்தம் கேட்டது.

அந்த ஆண்டு அறுவடைக்குப் பிறகு இரு வீடும் ஒன்றாயிற்று. 1960-ல் இருவரும் சேர்ந்து மோட்டார் வைத்தார்கள். காலப்போக்கில் அந்த இரவு எங்கள் குடும்பத்தின் புராணமாகிவிட்டது. கல்யாணப் பந்திகளில் சொல்லுவார்கள். கையில் துப்பாக்கி இருந்தும் சுடாத அண்ணன். மார்பைத் திறந்து காட்டிய தம்பி. அப்பா அடக்கத்தோடு தலையைக் குனிந்துகொள்வார். நான் அந்த இரண்டு பேருக்கும் வாரிசு என்ற எண்ணம் பள்ளிக்கூட நாட்களில் எனக்கு எவ்வளவு போதை தந்தது என்பதைச் சொன்னால் வெட்கம்.

1979-ல் ஆயா படுக்கையில் விழுந்தாள். ஒரு பிற்பகல், நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். செத்துப்போன மாடுகளின் பெயரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள், சட்டென்று தெளிந்த குரலில், "ஒங்க தாத்தா கருமாதி முடிஞ்ச மறுநாளே எடுத்துட்டேன்டா" என்றாள்.

"எதை ஆயா?"

"உள்ள இருந்தது ஆறு, டப்பாவுல ஆறு. டப்பாவுல கொட்டப்பாக்கு போட்டு வச்சேன், கனம் தெரியணுமில்ல. செங்கல்பட்டு வண்டியில போறப்ப கொளவாய் ஏரியில உட்டுட்டேன்."

தாத்தா துடைத்து எண்ணெய் போடும்போதெல்லாம் அவள் பார்த்திருக்கிறாள். நெம்பை அழுத்துவது, குழல் தலை குனிவது, ஆறும் ஒன்றாக வெளியே வருவது. முப்பது வருஷம் தொடாத பொருளை ஒரே ஒரு தடவை தொட்டிருக்கிறாள். அந்த இரவில் அவள் ஏன் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை என்பது எனக்கு இருபத்தொரு வருஷம் கழித்து விளங்கியது. பத்து நாளில் அவள் போய்விட்டாள். கொளவாய் ஏரியை ஒட்டித்தான் ரயில் போகிறது. பட்டணத்துக்குப் போகும்போதும் வரும்போதும் நான் ஜன்னல் பக்கம் உட்காருவதில்லை.

இப்போது வாசகர்கள் என் சங்கடத்தைப் புரிந்துகொண்டிருப்பார்கள். துப்பாக்கியில் தோட்டா இல்லை. அப்படியானால் அந்த இரவில் நடந்தது என்ன? அப்பாவுக்கு முன்பே தெரியுமா? தெரிந்திருந்தால் அவர் சுடாமலிருந்தது பொறுமையல்ல, மிரட்டல் வேஷம். தெரியாமலிருந்தால் அந்தப் பொறுமை அசல், புராணம் நிற்கிறது. ஆனால் மூன்றாவதாக ஒன்று உண்டு. அவர் விசையை அழுத்தியிருக்கலாம். அழுத்தி, வெடிக்காமல், அப்போதுதான் உட்கார்ந்திருக்கலாம்.

நாவலாசிரியன் புத்தி சும்மா இருக்குமா? பழைய லைசென்ஸ் காகிதங்களைத் தேடி எடுத்தேன். தாத்தாவுக்குப் பின் அப்பா பெயருக்கு மாற்றியபோது தோட்டா என்ற இடத்தில் 12 என்றிருக்கிறது. 1959-ல் புதுப்பித்ததில், அதே இடத்தில், 'இல்லை'. நடுவில் எப்போதோ அவருக்குத் தெரிந்திருக்கிறது. எப்போது என்று காகிதம் சொல்லவில்லை. இன்னொன்றும் பிறகு உறைத்தது. ரிவால்வரை எதிரில் நின்று பார்க்கிறவனுக்கு, உருளையின் அறைகளில் ஈயத் தலைகள் இருக்கின்றனவா இல்லையா என்று தெரியும். லாந்தர் வெளிச்சம் போதுமா? போதுமானால், சித்தப்பா மார்பைத் திறந்து காட்டியது வெறுங்குழலைப் பார்த்த பிறகா, பார்ப்பதற்கு முன்பா? எட்டு வயதில் நான் வணங்கிய இரண்டு வீரர்களையும் ஆயா பன்னிரண்டு கொட்டைப்பாக்கால் அழித்துவிட்டாள்.

ஒரு வக்கீல் நண்பரிடம் யாரோ ஒருவரின் கதை போல இதைச் சொன்னேன். அவர் பிரியமாகச் சட்டப் புத்தகத்தைத் திறந்தார். 1860-ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தில் கொலை முயற்சிப் பிரிவுக்கு ஓர் உதாரணம் உண்டு: ஒருவன் கொல்லும் எண்ணத்தோடு துப்பாக்கி வாங்கி அதில் மருந்தும் அடைக்கிறான், இன்னும் அவன் அந்தக் குற்றவாளி அல்ல, சுட்டால்தான் குற்றவாளி. முயற்சிகளைப் பற்றிய 511-ஆம் பிரிவிலோ வேறொன்று: பிக்பாக்கெட்காரன் ஒருவன் பையில் கை விடுகிறான், பை காலி; ஆனாலும் அவன் குற்றவாளியே. நகைப் பெட்டியை உடைத்துப் பார்த்து நகை இல்லாதவனுக்கும் அதே கதி. 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்தும் இந்தக் காலிப் பையும் காலிப் பெட்டியும் 62-ஆம் பிரிவுக்குக் குடி பெயர்ந்துவிட்டன என்று சொல்லிச் சிரித்தார். "உங்கள் ஆள் எதில் வருவான்?" என்று கேட்டேன். "விசையை அழுத்தினானா என்று சொல்லுங்கள், பிறகு வாதாடலாம்" என்றார்.

தத்துவக்காரர்களும் இதைத் தொட்டிருக்கிறார்கள். பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இருவர் 1976-ல் எழுதிய கட்டுரைகளிலிருந்து இதற்கு 'ஒழுக்க அதிர்ஷ்டம்' என்பது போல ஒரு பெயரே ஏற்பட்டுவிட்டது. குடித்துவிட்டு வண்டி ஓட்டும் இரண்டு பேரில் ஒருவன் முன்னால் குழந்தை குறுக்கே வருகிறது, மற்றவன் முன்னால் வரவில்லை. இருவர் மனமும் ஒன்று, ஆனால் நாம் ஒருவனைத்தான் கொலைகாரன் என்கிறோம். இது நியாயமா என்பது கேள்வி. வள்ளுவர் கட்சியோ தெரிந்ததே. மனத்தால் நினைப்பதையே தீது என்று தீர்த்துவிட்டவர் அவர். அவரிடம் போனால் அப்பாவுக்கு வாய்தாகூடக் கிடைக்காது, டிரங்குப் பெட்டியைத் திறந்தபோதே தீர்ப்பு ஆகிவிட்டது.

நான் நினைத்துப் பார்ப்பது வேறு ஒருவரை. தாத்தாவின் அதே மதராஸ் சாப்பர்ஸில், அடுத்த யுத்தத்தில், சுபேதார் சுப்பிரமணியன் என்று ஒருவர் இருந்தார். பழைய செங்கல்பட்டு ஜில்லா, கீழொட்டிவாக்கத்துக்காரர். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிக்னானோவுக்கு அருகே கண்ணிவெடி அகற்றும் வேலையில், கண்ணி ஒன்று மிதிபட்டுவிட்டது. வெடிக்கச் சில விநாடி இருந்தது. அவர் அதன் மேல் விழுந்து தம் உடம்பால் மூடிக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் பிழைத்தார்கள். ஜார்ஜ் கிராஸ் விருது பெற்றவர் அவர். அந்தச் சில விநாடியில் அவர் சிந்தித்துத் தீர்மானித்தாரா? அல்லது அத்தனை வருஷம் அவர் எப்படிப்பட்ட மனிதராக இருந்தாரோ அது தானாகப் பாய்ந்ததா? என் தகப்பனாருக்கும் கிணற்று மேட்டில் சில விநாடிதான் இருந்தது. சுப்பிரமணியனின் விநாடிகளை வைத்து அவர் வாழ்வு முழுவதையும் வீரம் என்கிறோம். அதே தராசில் அப்பாவின் விநாடிகளை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதன் பிறகு அறுபத்து மூன்று வருஷம் அவர் தம்பியின் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். தம்பிக்குக் கண் போனபோது கையைப் பிடித்துச் சந்தைக்கு அழைத்துப் போனார். அது பிராயச்சித்தம் என்றால் எதற்கு? பிராயச்சித்தம் இல்லையென்றால் அதைப் போல வேறொன்று எங்கே பார்க்க முடியும்?

அப்பாவிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்பதுதான் பயம்.

சித்தப்பாவிடம் கேட்டேன். 1984-ல், அவருக்குப் பார்வை மங்கத் தொடங்கியிருந்த நேரம். திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாணம். முடிந்ததும் மாமல்லபுரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவரை அழைத்துச் சென்றேன். வெயிலுக்கு ஒதுங்கி மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தில் உட்கார்ந்தோம். பல பேர் பார்த்த சிற்பம்தான். சிங்கத்தின் மேல் தேவி வில்லை வளைத்து வருகிறாள். எருமைத் தலை அசுரன் கதையைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கிச் சாய்கிறான். ஆனால் விழவில்லை. பல்லவச் சிற்பி ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன் அவனை அந்த நிலையில் நிறுத்தினான். இன்னும் அம்பு பட்டபாடில்லை. எதிர்ச் சுவரில் பெருமாள் பாம்பணையில் நித்திரை செய்கிறார். கால்மாட்டில் மதுவும் கைடபனும் கொல்ல வந்து நிற்கிறார்கள். சுவாமியின் ஆயுதங்களை மனித உருவத்தில் செதுக்கி வைத்திருக்கிறான் சிற்பி. ஆயுதங்களுக்கே ஆத்திரமும் அவசரமும் உண்டு என்று அவனுக்குத் தெரியும். நடுவில் சுவாமி மட்டும் தூங்குகிறார்.

சித்தப்பா அசுரனைத் தடவிப் பார்ப்பது போல முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"சித்தப்பா, அன்னிக்கு ராத்திரி கிணத்து மேட்டுல, அப்பா அழுத்தினாரா?"

அவர் திரும்பவில்லை. ஆயா சொன்னது அவருக்குத் தெரியும் என்பதை அந்த முதுகிலிருந்தே நான் கண்டுகொண்டேன்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலப்பா. மோட்டார் ஓடிக்கிட்டிருந்துச்சே" என்றார்.

மோட்டார் வந்தது 1960-ல். நான் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து இளநீர் குடித்தோம். நாலு வருஷத்தில் அவர் காலமானார். அப்பா கொள்ளி வைக்கிற இடத்தில் நின்று அழுததைப் போல யாரும் அழுது நான் பார்த்ததில்லை.

தேர்தல் வந்தால் லைசென்ஸ்காரர்கள் ஆயுதத்தை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டுமென்று கேட்பார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் அப்பா ரிவால்வரை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போவார். முடிந்ததும் போய்த் திரும்ப வாங்கி வருவார். தோட்டா வாங்க அவர் ஒரு முறையும் மனுப் போட்டதில்லை. பின் எதற்காக அதை வைத்துக்கொண்டிருந்தார்? 'அப்பா நினைவு' என்பார். எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சிலர் வீட்டில் தாயார் படத்தை மாட்டியிருப்பார்கள். அவர் தாயாரிடமிருந்து அவருக்கு வந்தது அந்த ரிவால்வரின் ஆறு காலி அறைகள்தான். அதை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டி அறுபது வருஷம் காத்தார் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். எழுத்தாளன் கற்பனை என்று தள்ளிவிடலாம்; தள்ளினாலும் பாதகமில்லை.

வெளிநாட்டு ரிவால்வர்களுக்கு நம் நாட்டில் ஏக கிராக்கி. அப்பா காரியம் முடிந்த மாதமே ஒருவர் போன் செய்து விலை பேசினார்; குழலின் அளவைச் சொன்னதும் வைத்துவிட்டார். பழைய ஆயுதமாயிற்றே, வெடிக்காதபடி செய்துவிட்டு அலமாரியில் வைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு என்பது வாஸ்தவம்தான். என் பேரன், "கொள்ளுத்தாத்தா கன்" என்று போட்டோ மட்டும் போதும் என்றான். அவனுக்கு அந்த இரவைப் பற்றிப் புராணம்தான் தெரியும். இந்தக் கட்டுரையை அவன் படிப்பானா என்று தெரியவில்லை. படித்தால் கேட்கட்டும்.

சென்ற மாதம் ஸ்டேஷனுக்குப் போய், சர்க்காருக்கே விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். ரைட்டர் சின்ன வயசு. பீரோவிலிருந்து துணி மூட்டையை எடுத்து வந்து மேஜைமேல் அவிழ்த்தார். எண்ணைச் சரிபார்த்தார். உள்ளே எப்படித் திறப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "நீங்களே திறந்து காட்டுங்க சார்" என்றார்.

நான் ஒரு நாளும் அதைத் திறந்தவனில்லை. நெம்பு இருக்கும் இடம் மட்டும் தெரியும். கட்டைவிரலால் அழுத்தினேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இறுகாமல் குழல் தலை குனிந்தது; நடுவில் நட்சத்திரம் எழுந்து நின்றது. ரைட்டர் வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். ஆறு வட்டம் வெளிச்சம் அவர் சட்டைமேல் விழுந்தது.

பதிவேட்டில், தோட்டா என்ற கட்டத்தில், 'இல்லை' என்று எழுதினார்.

"எப்போ எடுத்தது, யார் எடுத்ததுன்னு எழுதணுமா?" என்று கேட்டேன்.

"வேணாம் சார். இல்லேன்னா இல்லதான்" என்று பேனாவை என் பக்கம் நீட்டினார்.